கரடிக்கீரை வளர்ந்த இடம்

ஜொம்னேவுக்குத் தன் ஓரகத்தி மேல் இருந்த கோபத்துக்கு அந்த வருஷம் பன்னிரண்டு வயது. பெற்ற பிள்ளையைக் கூட அவள் ஒன்றிரண்டு முறை பட்டினி போட்டிருக்கிறாள். அந்தக் கோபத்தை ஒரு வேளை கூடப் பட்டினி போட்டதில்லை. முட்டைக்கோஸுக்கு உப்புத் தடவும்போதும், மிளகாய் காயப்போடும்போதும், பல் விளக்கும்போதும் அதற்கு ஒரு வாய் ஊட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

ஓரகத்தி பெயர் இப்புன். மூத்தவர் மனைவி, ஊர்த்தலைவர் சம்சாரம், மேல் தெருவில் நீல ஓட்டு வீட்டுக்காரி. ஜொம்னே இளையவர் மனைவி. மரம் வெட்டப் போன இடத்தில் மரம் சாய்ந்து அவள் கணவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. மகன் சியோலில் பேருந்து ஓட்டுகிறான். ஓடைக்கரை வீட்டில் அவள் தனியாக இருந்தாள்.

மாமியாரின் வீடும் வயலும் மூத்தவனுக்குப் போயின. அதில் ஜொம்னேவுக்கு வருத்தமில்லை. அவர்கள் ஊரான நுருப்கோலில் அது அப்படித்தான். அவள் வயிறு எரிந்தது ஒரு கீரைக்காக. கீரைக்காகவா என்று சிரிப்பவர்கள் மே மாதத்தில் அந்த ஊர்ப் பக்கமே வந்ததில்லை என்று அர்த்தம்.

கரடிக்கீரை காட்டில்தான் வரும். ஓக் மரத்து நிழலில், மண் ஈரமாக இருக்கும் சரிவில், உள்ளங்கையை விட அகலமாக இலை விடும். குளிர்காலம் முழுக்க ஊறப்போட்ட கோஸையே தின்று நாக்கு மரத்துப்போன சனத்துக்கு அந்த முதல் இலை மருந்து மாதிரி. இலையைக் கையில் விரித்து, மேலே சோறும் சோயா விழுதும் வைத்து, சுருட்டி, முழுசாக வாய்க்குள் திணிக்க வேண்டும். மலையில் அது வளரும் நல்ல இடம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று உண்டு. அது பெண்களின் சொத்து. புருஷனிடம் சொல்ல மாட்டார்கள், குடித்துவிட்டு உளறிவிடுவான். கால் ஓய்ந்த பிறகோ சாகும்போதோ, தனக்குப் பிடித்த ஒருத்தியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். மூத்தவள் இளையவள் என்ற கணக்கெல்லாம் அதில் செல்லாது.

மாமியார் கண்ணில் பூ விழுந்து, இடுப்பும் விழுந்து, ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தாள். பார்த்துக்கொள்ள வேண்டியவள் மூத்த மருமகள். இப்புனோ அப்போது வொன்ஜு நகரத்தில் மாவு மில் வீட்டம்மா. விசேஷ நாட்களில் ஆரஞ்சுப் பெட்டியோடு வருவாள், மூக்கைப் பொத்திக்கொண்டு கிளம்புவாள். புரட்டிப் படுக்க வைத்தது, பீ மூத்திரம் அள்ளியது, கஞ்சி ஊட்டியது எல்லாம் ஜொம்னேதான். கடைசி வாரம் இப்புன் வந்து தங்கினாள். ஒரு நாள் காலை ஜொம்னே படுக்கைத் துணிகளை ஓடையில் அலசிவிட்டுத் திரும்பியபோது இப்புன் மாமியாரின் அறையிலிருந்து வெளியே வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனாள்.

அன்று மாலை மாமியார் ஜொம்னேவின் கையைத் தடவிப் பிடித்தாள்.

"காலையில சொன்னது ஞாபகம் இருக்குல்ல? யார்கிட்டயும் வாய விட்டுடாத ஜொம்னே."

"என்ன சொன்னீங்க அத்தை? காலையில நான் ஓடையில இல்ல இருந்தேன்."

"எங்கையப் புடிச்சிகிட்டுக் கேட்டுகிட்டியே..."

அதற்கு மேல் பேச்சு எழவில்லை. விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

மூத்தவர் மில்லை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட்டார். அடுத்த மே மாதம், முள்ளங்கித் தழைக்கும் கடுகுத் தழைக்கும் வித்தியாசம் தெரியாத இப்புன், இடுப்பில் கட்டிய பை பிதுங்கப் பிதுங்கக் கரடிக்கீரையோடு மலையிலிருந்து இறங்கினாள். ஊரே வாயைப் பிளந்தது. "எங்கத்தை எனக்குக் காட்டிக் குடுத்தாங்க" என்றாள் ஒரு கூச்சமும் இல்லாமல். ஜொம்னே ஓடையில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த முள்ளங்கியை இரண்டாக ஒடித்தாள். ஓரகத்தியின் கழுத்து எட்டும் தூரத்தில் இல்லை.

பிறகு வருஷா வருஷம் அதே கூத்து. முதல் நாள் பறிப்பது பறித்தவளின் வீட்டு வாய்க்கு மட்டும்தான் என்பது ஊர் வழக்கம். இரண்டாம் நாள் பறிப்பதை இப்புன் ஊருக்கெல்லாம் பங்கு வைப்பாள். கட்டுக் கட்டாக வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஜொம்னே வீட்டுக்கும் ஒரு கட்டு வரும். "சாப்புடு தங்கச்சி, ஒனக்கு மலை ஏற எங்க நேரம்" என்பாள். ஜொம்னே அதை வாங்கி, நன்றி சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு, மாட்டுக்குப் போடுவாள். மாடு ரசித்துத் தின்னும். அதைப் பார்க்க இன்னும் எரியும்.

பின்தொடர்ந்தும் பார்த்தாள். விடியற்காலையில் இப்புன் ஏறும்போது ஐம்பதடி விட்டு இவளும் ஏறுவாள். இப்புன் லேசுப்பட்டவளா? நடுப்பாதையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து மடியிலிருந்து பலகாரத்தை எடுத்து மெல்ல ஆரம்பித்துவிடுவாள்.

"யாரு, ஜொம்னேவா? வா, வந்து ஒக்காரு. எங்க இவ்ளோ தூரம்?"

"சும்மா, காத்து வாங்க."

"ஓடைக்கரையில இல்லாத காத்தா? சரி, வாங்கு வாங்கு. நான் இங்கயேதான் இருக்கப் போறேன்."

மத்தியானம் வரை இருவரும் அந்தக் கல்லில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்த வருஷமும் உண்டு.

இடம் கிடைத்தது ஒன்பதாம் வருஷம். அதுவும் ஆகஸ்டில். ஆகஸ்டில் கரடிக்கீரை யாருக்கும் ஞாபகம் வராது. இலை முற்றித் தோல் மாதிரி ஆகியிருக்கும். ஊரே மலைக்கோஸ் வெட்டி லாரியில் ஏற்றுவதில் குனிந்த முதுகு நிமிராமல் கிடக்கும். எதிர்மலைக் கோஸ் வயலில் ஜொம்னே ஒரு கணம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், பருந்துப் பாறைக்குக் கீழே, மரங்களுக்கு நடுவில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஆள் உயரத்துக்குத் தண்டு விட்டு, தண்டு முழுக்க மஞ்சள் பூ. ஒன்று இரண்டு இல்லை, ஒரு வயல் அளவுக்கு. மே மாதத்தில் பச்சையோடு பச்சையாக ஒளிந்துகொள்ளும் கரடிக்கீரை ஆகஸ்டில் நான் இங்கே இருக்கிறேன் என்று ஊருக்கே காட்டிக்கொண்டு நிற்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை. பக்கத்தில் நின்றவள், "என்னக்கா, மயக்கமா?" என்று கேட்டாள். "ஆமாண்டி" என்றாள் ஜொம்னே. 

மறுநாளே ஏறிப் போய்ப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக மனசுக்குள் நடந்த இடத்தில் காலால் நடந்தாள், உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் யோசித்தாள். ஓரகத்திக்கு முந்திக்கொண்டு பறித்துவிடலாம். அது திருட்டுக்குத் திருட்டு, அவ்வளவுதான். ஊர் இப்புனைத்தான் பாவம் என்று சொல்லும். அது வேண்டாம். இப்புனுக்குக் கீரையால் வந்த பெயர் கீரையாலேயே போக வேண்டும்.

அங்கேதான் குடக்கீரை ஞாபகம் வந்தது. ஓடையோரச் சேற்றில் வளரும் விஷச்செடி அது. இளசில் பார்க்கக் கரடிக்கீரையின் கூடப்பிறந்தது போலவே இருக்கும். தின்றால் வயிறு முறுக்கி மேலும் கீழும் போகும், மூன்று நாள் எழுந்திருக்க முடியாது. தெரிந்தவர்களுக்குத் தொட்டாலே தெரியும்: கரடிக்கீரையின் ஓரம் ரம்பம் மாதிரி கூராக இருக்கும், இலை மெலிசு, கசக்கினால் வாசனை. குடக்கீரை தடிமன், பளபளப்பு, ஓரத்தில் மொண்ணைப் பல்லு. ஆனால் இப்புன் இலையை எங்கே பார்த்தாள்? சொந்தமாக இடம் வைத்திருக்கிறவர்கள் இலையைப் பார்ப்பதில்லை, பாறையைப் பார்ப்பார்கள். இடம் சரியாக இருந்தால் இலையும் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு கிள்ளுவார்கள். அந்த ஊரில் கீரை தின்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் பாதிப் பேர் அப்படிப் போனவர்கள்தான்.

அந்த அக்டோபரில் ஜொம்னே களைக்கொத்தோடு ஏறினாள். பாறையிலிருந்து கசியும் நீரைக் கல் வைத்துத் திருப்பி, கீழ்ப்பாதியைச் சேறாக்கினாள். ஓடையிலிருந்து வேரோடு கொண்டுபோன குடக்கீரையைக் கரடிக்கீரைக்கு இடையிடையே நட்டாள். மூன்று இலையுதிர் காலம் நட்டாள். முதல் இரண்டு வருஷம் ஏப்ரலிலேயே போய் முளைத்த இலைகளைக் கிள்ளி எறிந்தாள். ஒன்றிரண்டு மட்டும் வந்து ஓரகத்தி கண்ணில் பட்டுவிடக் கூடாது. மூன்றாம் வருஷம் இலையை விட்டுவிட்டு மொட்டை மட்டும் கிள்ளினாள். குடக்கீரை வசந்தத்திலேயே பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். மூத்தாருக்கு வயிற்று ஆபரேஷன் ஆனதிலிருந்து பச்சை இலை ஆகாது. முதல் நாள் கீரை வேறு யார் வாய்க்கும் போகாது. எல்லாம் கணக்காகத்தான் இருந்தது. போய் விழுந்து கிடப்பவளின் தலைமாட்டில் உட்கார்ந்து சொல்ல வேண்டிய வார்த்தையைக் கூடத் தயார் செய்து வைத்திருந்தாள்: "எல தெரியாதவங்க எல்லாம் எதுக்குக்கா மலைக்குப் போறீங்க?" பானை கழுவும்போது அதைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள்.

அந்த நாளும் வந்தது. விடியலில் இப்புன் ஏறிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அதற்குப் பிறகு எந்த வேலையும் ஓடவில்லை. மேல் தெருவில் நாய் குரைத்தாலும் காதைத் தீட்டிக்கொண்டாள். மத்தியானம் ஆயிற்று. கூக்குரலைக் காணோம். அவள் வீட்டுக் கதவுதான் தட்டப்பட்டது.

இப்புன் நின்றாள். கையில் கூடை நிறைய இலை, கழுவி நீர் சொட்டச் சொட்ட.

"சோறு இருக்கா தங்கச்சி? விழுது எடு. சேந்து சாப்புடலாம்னு வந்தேன்."

"இன்னிக்கு மொத நாளாச்சே அக்கா. வீட்டு வாய்க்குத்தான..."

"நீ என்ன வீட்டு வாய் இல்லையா? நகரு."

ஜொம்னே தட்டு வைத்தாள். இலைகளை மட்டும் அவள் தொடவில்லை. தொடாமலே எண்ணினாள்: மேலாக இருந்த எட்டில் மூன்று குடக்கீரை. இப்புன் முதலில் எடுத்தது நல்ல இலை. சுருட்டி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள். அடுத்து எடுத்தாள். தடித்த, பளபளப்பான இலை. சோறு வைத்தாள், விழுது வைத்தாள், பூண்டு ஒரு துண்டு வைத்தாள், அழகாக மடித்தாள். மடித்ததைத் தன் வாய்க்குக் கொண்டுபோகாமல் ஜொம்னேவின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"ஆ காட்டு."

மூத்தவள் மடித்து ஊட்டும் கவளத்தை வேண்டாம் என்பது அங்கே முகத்தில் அறைவதற்குச் சமம். ஜொம்னேவின் உதடு ஒட்டிக்கொண்டது.

"நீங்க சாப்புடுங்கக்கா. எனக்கு... பல்லு வலி."

"பல்லு வலியா? என் கை நாறுதுன்னு சொல்லேன்." இப்புன் சிரித்தாள். கவளத்தை நீட்டியபடியே சொன்னாள்: "அடுத்த மாசம் முட்டிய அறுக்கப் போறாங்க. இனிமே மலை ஏற முடியாதாம். அடுத்த வருஷத்துலேர்ந்து நீ போ."

"எங்க போறது?"

"வேற எங்க, கீரை எடத்துக்குத்தான். அந்த எடம் ஒன்னுதுதான். அத்தை ஒன் பேரச் சொல்லித்தான் என் கையப் புடிச்சாங்க. நான் இல்லன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. மூத்த மருமக நான், எனக்குன்னு ஒரு வார்த்தை வெச்சிருக்காங்களான்னு ஆசையா இருந்துச்சு. வாய் தொறக்கல. அவ்ளோதான்."

பன்னிரண்டு வருஷமாக ஜொம்னே காத்திருந்த வார்த்தை இதுதான். வந்தபோது இனிக்கவில்லை. ஆத்திரம்தான் பொங்கியது. இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பித் தருவது போல எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! அவ்ளோதானாம்! தின்னு, தின்னு தொலை, என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"நீ தின்னாட்டி போ" என்று இப்புன் கவளத்தைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

ஜொம்னேவின் கை எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

ஏன் பிடித்தாள் என்று பின்னாளில் கேட்டவர்களுக்கு அவள் ஒவ்வொரு தரமும் ஒவ்வொன்று சொன்னாள். என் வீட்டுத் தட்டாச்சே, என் தலையில் இல்லையா விழும் என்பாள். வயசானவள், இதயம் நின்றுபோனால் என்ன செய்வது என்பாள். எனக்கே தெரியவில்லை என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். அன்று அவள் வாயில் வந்தது இவ்வளவுதான்:

"அது குடக்கீரை. வெச்சிடுங்கக்கா."

இப்புன் கவளத்தைப் பிரித்தாள். இலையைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அங்க குடக்கீரையே கெடையாதே. இத்தனை வருஷத்துல ஒண்ணு கூடப் பாத்ததில்லையே."

"தண்ணி ஓடுற எடம்தானக்கா, வந்திருக்கும். பாறைக்குக் கீழ்ப்பக்கம் எல்லாம் சேறா..."

சொன்ன பிறகுதான் ஜொம்னேவுக்கு உறைத்தது.  இப்புன் இலையைத் தட்டில் வைத்துவிட்டு, ஜொம்னேவை மெதுவாக ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்தப் பாறைக்குடீ?"



"நான் எடத்தைக் குடுக்க வந்தேன்" என்றாள் இப்புன். "நீ எனக்கு வெஷச் சோறு போட ஒக்காந்திருக்க." கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று திரும்பினாள். "மொகத்தக் கழுவு. வேர்த்து ஊத்துது."

கத்தினாளா, முடியைப் பிடித்தாளா, ஒன்றுமில்லை. ஜொம்னேவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஊர்த்தலைவர் வீட்டு ஒலிபெருக்கி கரகரத்தது. மருந்தடிக்கும் நாள், தடுப்பூசி, சாவுச் செய்தி இப்படித்தான் அதில் வரும். சொல்பவர் ஊர்த்தலைவர். அன்று வந்தது பெண்குரல்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இப்புன் பேசறேன். எங்கத்தை பறிச்ச எடம், நான் பறிச்ச எடம், பருந்துப் பாறைக்கு வடக்கால, கீழ்ப் பள்ளத்துல இருக்கு. ஓடையத் தாண்டி ரெண்டாவது பிரிவுல எடது கைப் பக்கம் ஏறுங்க. கரடிக்கீரை வயல் மாதிரி கெடக்கு. யார் வேணா போங்க, எவ்ளோ வேணா பறிங்க. ஒண்ணே ஒண்ணு, குடக்கீரை கலந்திருக்கு. ஜாக்கிரதை. எது நல்லது எது கெட்டதுன்னு சந்தேகம் வந்தா ஓடைக்கரை ஜொம்னே வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. அவளுக்கு ஒவ்வொண்ணும் தெரியும். அவ கையால நட்டது."

கரகரப்பு நின்றது. இரண்டாம் முறையும் அதையே முதலிலிருந்து சொன்னாள், காது மந்தமானவர்களுக்காக.

ஒரு வீட்டின் இடத்தை ஒலிபெருக்கியில் சொன்னதை அந்த மலைத்தொடரில் யாரும் அதுவரை கேட்டதில்லை. காலை எட்டு மணிக்கு ஊரில் பால் கறக்கக் கூட ஆளில்லை. இடுப்பில் பை, தோளில் சாக்கு, கையில் களைக்கொத்து. வருஷக்கணக்காக அந்த இடத்தை நினைத்து எச்சில் விழுங்கியவர்கள் மொத்தமாக ஏறினார்கள். ஜொம்னே ஏறவில்லை. அறைக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கையை ஏன் பிடித்தேன், அந்தக் கையை ஏன் பிடித்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு முதல் ஆள் வந்தாள். பிறகு அடுத்தவள். வாசலிலிருந்து ஓடைப் பாலம் வரை வரிசை. சாக்குகளை அவள் முன்னால் கவிழ்த்தார்கள்.

"நல்லா பாத்துப் பொறுக்கிப் போடு. எங்க வீட்டுல கொழந்தைங்க இருக்கு."

"கையால நட்டவளுக்குத் தெரியாதா? கண்ண மூடிட்டே பொறுக்குவா."

"எங்களுக்கும் ரெண்டு நட்டு வெச்சிருக்கியா ஜொம்னே, சொல்லிடு!"

சிரித்தார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சொல்லி, ஒரு குழந்தைக்கு வயிற்றால் போனால்? பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கினாள். நல்லது இடது பக்கம், கெட்டது வலது பக்கம். ஒரு கட்டத்தில், ஆளுக்கு ஓர் இலை கலந்துவிட்டால் என்ன என்று கூடத் தோன்றியது. கை தயங்கிய அந்தக் கணத்தில் நிமிர்ந்தாள். வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு, வலிக்கும் காலை நீட்டிக்கொண்டு, இப்புன் உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஒவ்வோர் இலையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜொம்னே மறுபடி குனிந்துகொண்டாள்.

கடைசிச் சாக்கு கவிழ்ந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அதில் இலைகள் தனியாக வரவில்லை. மண்ணோடு, கிழங்கு கிழங்காக, வெள்ளை வேரோடு வந்தன. முந்தைய சாக்குகளிலும் அப்படி நிறைய வந்திருந்தன. ஜொம்னே ஒரு வேரை எடுத்து மண்ணைத் தட்டினாள். விரல் தடிமன் இருந்தது. மாமியார் மருமகளாக வந்த காலத்து வேராக இருக்கும்.

"வேரோட புடுங்கிட்டாங்கக்கா" என்றாள். 

"புடுங்கட்டும்."

"ஒண்ணும் மிச்சம் இருக்காது."

"இருக்காது." இப்புன் முட்டியைத் தடவிக்கொண்டாள்.  "இத்தனை வருஷம் நான் ஒரு வேரக்கூடத் தொட்டதில்லடீ."

"தெரியும்" என்றாள் ஜொம்னே. "நான் போயிப் போயிப் பாத்துட்டுதான வந்தேன்."

சாக்குக்காரி அவசரப்பட்டாள். ஜொம்னே வேரை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த இலையை எடுத்தாள்.